ஒரே ஒரு புள்ளிக்கோடு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார், நான் வாசல் படியில் போனும் கையுமாக இருந்தேன், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கறண்ட் போனது. எங்கள் ஒழுங்கைக்கு மட்டும்தான் என்று நினைத்தோம். பிறகு காலி வீதி முழுக்க இல்லை என்றார்கள், அதற்கும் பிறகு நாடு முழுக்கவே இல்லை என்றார்கள். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று போய் முட்டியதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னதும் ஊரே பகிடியில் இறங்கிவிட்டது. 2022-ல் நாளுக்கு 13 மணி நேரம் கறண்ட் இல்லாமல் கிடந்து பழகிய சனத்துக்கு இதெல்லாம் ஒரு விஷயமா, நானும் மிச்சமிருந்த சார்ஜில் நாலைந்து குரங்குப் படங்களை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, சோறும் சொதியும் சாப்பிட்டுவிட்டு நித்திரையாகிவிட்டேன்.

நாலு மணிக்கு ஸ்டூடியோ அண்ணை எடுத்தார்.

“தம்பி, நேற்று ராத்திரி வரைக்கும் இருந்த அல்பம் ஒண்டையும் காணேல்லை. உள்ளுக்குப் போனால் வெறும் வெள்ளையாக் கிடக்கு.”

நான் வேலை செய்யும் இடம் சின்ன இடம். பம்பலப்பிட்டியில் ஒரு மாடி, அதன் பின்னறையில் இரண்டு சேர்வர், பக்கத்தில் ஒரு டிஸ்க் பெட்டி, வயசாகிப்போன இரண்டு யூபிஎஸ். கடைகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் மேகச் சேமிப்பு என்று சொல்லி இடம் வாடகைக்குக் கொடுக்கிறோம். மேகம் என்றால் அந்தப் பின்னறைதான். செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றின் கணக்குகள், முதலாம் குறுக்குத் தெரு ஹார்ட்வெயார் கடை ஒன்றின் பில்கள், ஒரு பல் வைத்தியரின் எக்ஸ்ரே படங்கள், ஸ்டூடியோ அண்ணையின் கல்யாணப் படங்கள் என்று மொத்தம் 23 பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மினியோ ஓடும்.

மினியோ தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அமேசானின் மேகச் சேமிப்பான எஸ்3 பேசுகிற அதே மொழியைப் பேசும் சேமிப்பு மென்பொருள், ஒரே ஒரு கோப்பாக வரும், உங்கள் சொந்த லினக்ஸ் பெட்டியிலேயே ஓடும். இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனந்த் பாபு பெரியசாமி. அதற்கு முன் அவர் சேர்ந்து உருவாக்கிய குளஸ்டர் என்ற சேமிப்பு மென்பொருள் நிறுவனத்தை ரெட் ஹாட் 2011-ல் 136 மில்லியன் டொலருக்கு வாங்கியது. நம்மாள் ஒருவர் எழுதியது என்பதற்காக நாங்கள் மினியோவைப் பிடிக்கவில்லை, சும்மா சுலபமாக இருந்தது என்பதற்காகப் பிடித்தோம்.

ஒரே மினியோவை ஓடவிட்டு உள்ளே 23 வாளிகள் (தனித்தனிச் சேமிப்புப் பெட்டகங்கள்) வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் ஒருவருக்காக நிறுத்தித் தொடங்கினால் மற்ற 22 பேரும் சேர்ந்து நிற்பார்கள், ஒருவரின் டிஸ்க் நிரம்பினால் எல்லாருக்கும் வயிற்றுவலி. தனித்தனியாக வைத்தது பிழையில்லை. தனித்தனியாக வைத்த விதம்தான் பிழை.

முதல் வாடிக்கையாளர் வந்தபோது, அவருக்கென்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டிக்காக, ஒரு யூனிட் கோப்பு எழுதினேன். லினக்ஸ் எழும்பும்போது எந்த மென்பொருளை எப்போது, எந்தப் பயனர் பெயரில், என்ன கட்டளையால் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும் இருபது முப்பது வரிக் கோப்பு அது. இரண்டாம் ஆள் வந்தார், அதைக் கொப்பி அடித்து, பெயரையும் போர்ட் இலக்கத்தையும் (சேவையைத் தேடிவருபவர் தட்டும் கதவு இலக்கம்) அடைவையும் (ஃபோல்டர்) மாற்றினேன். மூன்றாமவருக்கு இரண்டாவதைக் கொப்பி அடித்தேன். எட்டாமவருக்கு யாரோ ஐந்தாவதைக் கொப்பி அடித்தார்கள், ஏனென்றால் ஐந்தாவதில் ஒருநாள் இரவு ஏதோ ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தோம், அது நல்லதாகத் தெரிந்தது. இப்படியே 23. எல்லாம் ஓடின. கறண்ட் இருந்த வரைக்கும் ஓடின.

ஞாயிறு மாலை பம்பலப்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது, சேர்வர்கள் தாங்களாகவே எழும்பியிருந்தன. 23-ல் 18 ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. மூன்று பேருடையது தொடங்கவேயில்லை. அவற்றை யாரோ ஒருநாள் கையால் தொடங்கியிருக்கிறார்கள், இயந்திரம் எழும்பும்போது தானாக எழும்பச் சொல்லிப் பதிவு செய்ய மறந்துவிட்டார்கள். மாதக்கணக்காக ஓடியதால் ஒருவருக்கும் தெரியவில்லை. நாலாவது, 11-ஆம் இலக்கக் கோப்பு. அதில் விளக்கவரி 11 என்றது, அடைவு 11 என்றது, போர்ட் மட்டும் 10-ஆம் ஆளுடையது. யார் முந்தி எழும்புகிறாரோ அவருக்குப் போர்ட், பிந்தினவர் விழுந்து செத்தார். இத்தனை நாளும் எப்படி ஓடியது என்றால், ஓடிக்கொண்டிருந்த 11-ஐ முதலில் சரியான போர்ட்டோடு தொடங்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் யாரோ கோப்பைத் திறந்து குழப்பியிருக்கிறார்கள். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம். கோப்பின் திகதியைப் பார்த்தால் நான்தான்.

ஐந்தாவது ஸ்டூடியோ அண்ணை. இதுதான் மோசம், ஏனென்றால் இது ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய படங்கள் இருந்தது வெளியே உள்ள டிஸ்க் பெட்டியில். அந்தப் பெட்டி வேறு யூபிஎஸ்ஸில் தொங்கியது, கறண்ட் வந்தபோது சேர்வரைவிடப் பிந்தித்தான் எழும்பியது. டிஸ்க் ஒன்று பழுதானால் முழு இயந்திரமும் எழும்பாமல் நின்றுவிடும் என்ற பயத்தில், எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் எல்லா டிஸ்க்குக்கும் நோஃபெயில் என்று எழுதி வைத்திருந்தோம். அதாவது ‘இது வந்தால் வரட்டும், வராவிட்டால் காத்திருக்காதே’. சிஸ்டம்டி சொன்னதைக் கேட்டது. காத்திருக்கவில்லை. டிஸ்க் மாட்ட வேண்டிய இடத்தில் வெறும் அடைவு ஒன்று இருந்தது, மினியோ அதையே டிஸ்க் என்று நினைத்து, உள்ளே தன் குட்டி மறைவு அடைவைப் போட்டுக்கொண்டு, புது வீட்டுக்குக் குடிவந்த ஆளைப்போலத் தொடங்கிவிட்டது. கடவுச்சொல் சரி, முகவரி சரி, உள்ளே ஒன்றுமில்லை. அண்ணையின் கடையில் ஓடும் பதிவேற்றும் மென்பொருள் இதைப் பார்த்து, ‘ஒன்றுமேயில்லை, அப்ப எல்லாவற்றையும் திருப்பி ஏற்றுவோம்’ என்று தொடங்கிவிட்டது. நான் போனபோது சேர்வரின் சொந்த டிஸ்க் 97 சதவீதம்.

மினியோவை நிறுத்திவிட்டு டிஸ்க்கை மாட்டினேன். படங்கள் எல்லாம் இருந்தன. “இருக்கு அண்ணை, ஒண்டும் போகேல்லை” என்று சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது, பிறகு “நாளைக்கு பொம்பிளை வீட்டுக்காரர் வருவினம் தம்பி, அதுதான்” என்றார். ஆனால் ரூட் டிஸ்க் (சேர்வரின் சொந்த டிஸ்க்) மட்டும் இன்னமும் 97 சதவீதத்திலேயே நின்றது, ஒரு கோப்பும் கண்ணில் படவில்லை. வெறும் அடைவில் ஏறிய படங்கள் மேலே மாட்டிய டிஸ்க்குக்கு அடியில் புதைந்து கிடந்தன. மேசைமேல் விரிப்பைப் போட்ட மாதிரி. ரூட்டையே இன்னொரு இடத்தில் பைண்ட் மவுன்ட் பண்ணி (அதே டிஸ்க்கை இன்னொரு பாதையிலும் காட்டவைத்து), அந்த வழியாகப் போய்த்தான் விரிப்புக்கு அடியில் கிடந்ததை அழிக்க முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரமும் மூன்று பிளேன் ரீயும் பிடித்தன.

அடுத்த வாரம் முழுக்க 23 கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் மட்டும் திறந்த கோப்புகளின் எல்லையை உயர்த்தியிருந்தோம், பதினாலில் இல்லை. நாலில் விழுந்தால் திரும்பத் தொடங்கு என்று இருந்தது, ஒன்றில் அந்தச் சொல்லே எழுத்துப்பிழையோடு இருந்தது (சிஸ்டம்டி அதைப் பார்த்து ஒரு எச்சரிக்கையை லொக் என்ற பதிவேட்டில் எழுதிவிட்டுத் தன்பாட்டுக்குப் போயிருக்கிறது). வித்தியாசங்களில் எது வேண்டுமென்றே செய்தது, எது தற்செயல் என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. கொப்பி அடிப்பதில் எனக்கு இருக்கும் மனக்குறை இதுதான். வேலை கூடுவது இரண்டாம்பட்சம், எது எல்லாருக்கும் பொது, எது ஒருவருக்கு மட்டும் சொந்தம் என்ற விஷயமே அழிந்துபோகிறது.

எங்கள் அலுவலகத்தில் இன்னொரு பழைய பெட்டியில் செஃப் என்ற பெரிய சேமிப்பு மென்பொருளைப் பரீட்சைக்குப் போட்டு வைத்திருந்தோம். சேஜ் வைல் என்பவர் கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்விலிருந்து பிறந்தது அது. பெயர் கணவாய், ஒக்டோபஸ் குலத்தின் ஆங்கிலப் பெயருடைய சுருக்கம், 2013-ல் வந்த ஒரு வெளியீட்டின் பெயரே கணவாய்தான். கணவாய்க் கறி என்றால் உயிரை விடும் எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் எடுபடும். அதில் டிஸ்க் ஒன்றுக்கு ஒரு சேவை ஓடும், ஒரு சேர்வரில் பன்னிரண்டு டிஸ்க் இருந்தால் பன்னிரண்டு. அவர்கள் பன்னிரண்டு கோப்பா எழுதி வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன்.

ஒன்றே ஒன்று. பெயரில் @ குறி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, பிறகு புள்ளியும் சேர்விஸும். செஃப்-ஓஎஸ்டி@.சேர்விஸ். (டைப் பண்ணும்போது ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.) உள்ளே கட்டளை வரியில் டிஸ்க் இலக்கம் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் ஆங்கிலச் சின்ன ஐயும் (%i). அவ்வளவுதான். நீங்கள் @ குறிக்குப் பின்னால் 0 போட்டுத் தொடங்கினால் அந்த இடத்தில் 0 வந்து குந்தும், 7 போட்டால் 7.

இது புதுப் புதினம் ஒன்றுமில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் சிஸ்டம்டிக்கு முந்தி இருந்த அப்ஸ்டார்ட்டிலும் இதே மாதிரி இன்ஸ்டன்ஸ் (ஒரே கோப்பிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு பிரதி) என்று ஒன்று இருந்தது, அந்தக் காலத்துச் செஃப்பை இலக்கம் சொல்லித் தொடங்குவார்கள். சிஸ்டம்டி 2010-ல் அறிவிக்கப்பட்டு, 2011-ல் ஃபெடோரா 15-க்கும் 2015-ல் டெபியன் 8-க்கும் உபுண்டுவுக்கும் வந்து எல்லா இடமும் பரவியது. அதைப் பற்றிய சண்டைகளை நான் இங்கே இழுக்கவில்லை. உங்கள் லினக்ஸில் இப்பவே பாருங்கள், கறுப்புத் திரையில் லொகின் கேட்கும் கெட்டி என்ற சேவைகூட ஒரு @ கோப்புத்தான். வருஷக்கணக்காகக் கண்முன்னால் இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

முந்தி கிராம சேவகரிடம் ஒரு கடிதத்துக்குப் போனால், மேசை லாச்சிக்குள்ளிருந்து ரோணியோ அடித்த தாள் ஒன்றை எடுப்பார். ‘மேற்படி பிரிவில் வசிக்கும் ………… என்பவர்’ என்று இருக்கும். பெயரை மட்டும் எழுதிச் சீலைக் குத்துவார். இந்த @ கோப்பை டெம்ப்ளேட் என்பார்கள், அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வருகிறது. ஒரு முக்கிய வித்தியாசம், சிஸ்டம்டியின் தாளில் புள்ளிக்கோடு ஒன்றே ஒன்றுதான். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் என்று மூன்று கோடு தரமாட்டார்கள். பெயரை எழுது, மிச்சத்தை அந்தப் பெயரை வைத்து நீயே தேடிக்கொள்.

முதலில் இது எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. எனக்கு வேண்டியது மூன்று: அடைவு, போர்ட், கடவுச்சொல். ஆகவே கெட்டித்தனம் காட்ட வெளிக்கிட்டேன். வாடிக்கையாளரை இலக்கமாக்கி, போர்ட்டை 90 என்று எழுதி அதோடு புள்ளிக்கோட்டை ஒட்டிவிட்டேன், 01 என்றால் 9001, 17 என்றால் 9017. சிஸ்டம்டிக்குக் கணக்குக் கூட்டத் தெரியாது, ஒட்டத் தெரியும். வடிவாக வேலை செய்தது. இரண்டு நாளில் கழற்றிவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு 17 விழுந்துவிட்டது என்று போன் அலறினால், 17 யார் என்று ஞாபகம் வர ஒரு கொப்பி வேண்டும், அந்தக் கொப்பி அலுவலகத்தில் இருக்கும். ‘ஸ்டூடியோ விழுந்துவிட்டது’ என்று அலறினால் நித்திரையிலும் விளங்கும்.

ஆகவே பெயர். தாளில் ஒரு பெயர், அதே பெயரில் ஒரு இணைப்பு. இடிசி என்ற, அமைப்புக் கோப்புகள் கிடக்கும் அடைவுக்குள் மினியோ என்று ஒரு அடைவு, அதற்குள் ஸ்டூடியோ.என்வ், நகை.என்வ், பல்.என்வ் என்று ஆளுக்கு ஒரு குட்டிக் கோப்பு. அதில் நாலே நாலு வரி: போர்ட், நிர்வாகப் பக்கத்தின் போர்ட், பயனர் பெயர், கடவுச்சொல். டெம்ப்ளேட்டில் என்வயர்மென்ட்ஃபைல் என்ற வரி, புள்ளிக்கோட்டில் உள்ள பெயரை வைத்து அந்தக் கோப்பை எடுத்துவரும். நிர்வாகப் பக்கத்தின் போர்ட்டைச் சொல்லாமல் விட்டால் மினியோ ஒவ்வொரு முறையும் கைக்கு வந்த ஒரு போர்ட்டைப் பிடிக்கும், முந்தி எங்கள் பக்கம் அடிக்கடி இடம் மாறியதற்கு அதுதான் காரணம்.

இந்தக் குட்டிக் கோப்பில் மூன்று விஷயம் கடித்தது. ஒன்று, அது ஷெல் (லினக்ஸின் கட்டளை மொழி) இல்லை. பார்க்க ஷெல் மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு மாறியின் பெறுமதிக்குள் இன்னொரு மாறியை டொலர் குறி போட்டு எழுதினால் டொலர் குறியாகவே நிற்கும். இரண்டு, அந்தக் கோப்புக்குள் புள்ளிக்கோடு வேலை செய்யாது, சதவீத ஐ யூனிட் கோப்புக்குள்ளே மட்டும்தான் உயிரோடு இருக்கும், அதனால் அடைவை இங்கே எழுதாமல் தாளின் கட்டளை வரியிலேயே எழுத வேண்டும். மூன்றாவது நல்ல விஷயம். கடவுச்சொல்லை யூனிட் கோப்பின் என்வயர்மென்ட் வரியில் நேரே எழுதினால் அந்த இயந்திரத்தில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கிற எவரும் சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல் ஷோவை அடித்துப் பார்த்துவிடலாம். தனிக் கோப்பாக வைத்தால் கோப்பின் பெயர்தான் தெரியும். சேவை ஓடுவது மினியோ பயனராக இருந்தாலும் கோப்பை வாசிப்பது ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக ஓடும் சிஸ்டம்டி, ஆகவே கோப்பை ரூட் தவிர வேறு ஒருவரும் தொடமுடியாதபடி பூட்டலாம். எங்கள் பழைய 23-ல் எல்லாக் கடவுச்சொல்லும் நடுவீதியில் கிடந்திருக்கின்றன. சரி, போகட்டும்.

இனி டிஸ்க். நோஃபெயிலை எடுத்துவிடு என்று ஒரு நண்பன் சொன்னான். எடுத்தால் ஒரு ஆளின் டிஸ்க் பழுதானதற்காக 23 பேரும் இருட்டில் இருக்க வேண்டும், சேர்வர் அவசரநிலைத் திரையில் போய் நிற்கும், யாராவது பம்பலப்பிட்டிக்குப் போய் விசைப்பலகையைத் தொட வேண்டும். காத்திருக்க வேண்டியது இயந்திரம் இல்லை, அந்த டிஸ்க்குக்குச் சொந்தக்காரரின் மினியோ. அதற்கு ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபோர் என்று ஒரு வரி இருக்கிறது, அதில் அடைவின் பாதையையும் புள்ளிக்கோட்டையும் எழுதினால், அந்தப் பாதைக்கு வேண்டிய டிஸ்க் மாட்டுப்பட்ட பிறகுதான் அந்த ஆளின் சேவை தொடங்கும், மாட்டுப்படாவிட்டால் தொடங்காது. ஒரே வரி, 23 பேருக்கும் அவரவர் டிஸ்க்.

ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. எஃப்எஸ்டாப்பில் அந்த டிஸ்க்கையே எழுத மறந்தால்? அப்போது காத்திருக்க ஒன்றுமேயில்லை, வரி திருப்தியாகிவிடும், மறுபடியும் வெறும் அடைவு. ஆகவே அந்த இடம் உண்மையிலேயே ஒரு டிஸ்க் மாட்டிய இடம்தானா என்று பார்க்கும் இன்னொரு வரியும் போட்டேன். இதில் இரண்டு வகை உண்டு. கண்டிஷன் என்று தொடங்குவது, நிபந்தனை சரிவராவிட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், பிழை என்றுகூடக் காட்டாது. அஸர்ட் என்று தொடங்குவது சிவப்பில் கத்தும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வரைக்கும் ஒன்றும் தெரியாமல் நித்திரை கொண்டவனுக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கும் மேலே, டிஸ்க் மாட்டாத நேரத்தில் அந்த வெறும் அடைவுகளை சாட்டர் கட்டளையால் பூட்டிவிட்டேன், இப்போது ரூட்டே வந்தாலும் அதற்குள் ஒரு கோப்புப் போடமுடியாது. மூன்று பூட்டு கூடத்தான். இருக்கட்டும்.

மாற்றிய அன்று இரவே அஸர்ட் கத்தியது. இரண்டு பேருடையது எழும்பவில்லை, 21 எழும்பியது. டிஸ்க் இரண்டும் ஒழுங்காக மாட்டியிருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், சிஸ்டம்டி இல்லை என்கிறது. அரைமணி நேரம் முறைத்துப் பார்த்த பிறகுதான் கவனித்தேன், அது தேடும் பாதை செட்டி, அதற்குள் நகை. எங்கள் அடைவோ செட்டி-நகை, நடுவில் ஒரு சின்னக் கோடு. எழும்பாத மற்ற ஆளின் பெயரிலும் ஒரு கோடு. கெட்டியின் கோப்பைப் பார்த்து எழுதியபோது, அதன் விளக்கவரியில் சதவீதக் குறியோடு பெரிய ஐ இருந்தது, பெரியது நல்லதாக்கும் என்று அதையே பாதையிலும் போட்டிருக்கிறேன். சின்ன ஐ என்றால் நீங்கள் எழுதிய பெயர் எழுதியபடியே வரும். பெரிய ஐ என்றால் சிஸ்டம்டி அதை அவிழ்க்கும், அதன் கணக்கில் கோடு என்பது பாதையில் வரும் சாய்கோட்டின் மாறுவேஷம். டிஸ்க், கருவிப் பாதைகளைப் பெயராக வைப்பவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. உண்மையிலேயே கோடு வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு தப்பெழுத்து, அதை எழுதித்தர சிஸ்டம்டி-எஸ்கேப் என்று தனியாக ஒரு கட்டளை. நான் சின்ன ஐக்கு மாறினேன், கையோடு பெயர்களிலிருந்த கோடுகளையும் எடுத்துவிட்டேன். அஸர்ட் வரி இல்லாமல் இருந்திருந்தால் நகைக்கடைக்காரருக்கும் வெறும் வீடு ஒன்று கிடைத்திருக்கும், அவர் ஸ்டூடியோ அண்ணையைப்போலத் தம்பி என்று கூப்பிட்டுக் கதைக்கும் ஆள் இல்லை.

ஒருவருக்கு மட்டும் ஏதாவது விசேஷம் வேண்டுமென்றால்? பல் வைத்தியரின் மினியோவுக்கு நினைவக எல்லை வைக்க வேண்டியிருந்தது. இதற்குத் தாளைத் தொடக்கூடாது. பெயரோடு கூடிய யூனிட்டுக்கு .டி என்று முடியும் ஒரு அடைவு வைத்து, மாறவேண்டிய வரியை மட்டும் அதில் எழுதலாம், சிஸ்டம்சிடிஎல் எடிட் இதைத் தானே செய்துதரும். @ குறிக்குப் பின்னால் பெயரில்லாத அடைவில் எழுதினால் எல்லாருக்கும், பெயரோடு எழுதினால் அந்த ஒருவருக்கு. இப்போது யாரிடம் என்ன விசேஷம் என்று பார்க்க அந்த அடைவுகளை எண்ணினால் போதும், இரண்டே இரண்டு இருக்கிறது, இரண்டுக்கும் காரணம் உள்ளேயே எழுதியிருக்கிறது. கட்டளை வரியை இப்படி மாற்றுபவர்களுக்கு ஒன்று: முதலில் வெறுமையாக ஒரு எக்ஸெக்ஸ்டார்ட் எழுதிப் பழையதைத் துடைத்துவிட்டுத்தான் புதியதை எழுத வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கட்டளை இருக்கிறது என்று சண்டைக்கு வரும். கோப்பைக் கையால் மாற்றினால் டீமன்-ரீலோட் என்ற கட்டளையால் திரும்ப வாசிக்கச் சொல்ல வேண்டும். இதை எத்தனை தரம் மறந்தேன் என்று கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தித் தொடங்க நட்சத்திரக் குறி போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். ஓடிக்கொண்டிருப்பவற்றை நிறுத்தும், சரி. பிறகு அதே நட்சத்திரத்தோடு தொடங்கு என்றால் ஒன்றும் நடக்காது, பிழைகூட வராது, ஏனென்றால் நட்சத்திரம் நினைவகத்தில் இருக்கும் யூனிட்டுகளை மட்டும்தான் பார்க்கும், நிறுத்தியவை அங்கே இல்லை. செஃப்காரர்கள் இதற்கும் வழி வைத்திருந்தார்கள்: ஒரு டார்கெட் (பல யூனிட்டுகளைச் சேர்த்துக் கட்டும் பெயர்), எல்லா இன்ஸ்டன்ஸும் தங்களை அதன் பகுதி என்று அறிவிக்கும், டார்கெட்டை நிறுத்தினால் எல்லாம் நிற்கும், தொடங்கினால் பதிந்தவை எல்லாம் தொடங்கும். அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. அவர்களுடைய கோப்பில் அரைமணி நேரத்துக்குள் மூன்று தரம் விழுந்தால் அதோடு விட்டுவிடு என்று இருக்கும். அது அவர்களுக்குச் சரி, பழுதான டிஸ்க்கோடு மாரடிக்கும் சேவை ஒன்று எழும்புவதும் விழுவதுமாக இருந்தால் முழுக் கூட்டமும் அலைக்கழியும், மற்றப் பிரதிகள் எப்படியும் வேறு இடத்தில் இருக்கின்றன. எங்களிடம் ஆளுக்கு ஒன்றுதான். ஐந்து விநாடி பொறுத்துத் திரும்பத் திரும்பத் தொடங்கு என்று வைத்தேன். சிஸ்டம்டியின் வழக்கமான எல்லை பத்து விநாடிக்குள் ஐந்து தரம், ஐந்து விநாடி இடைவெளியில் அது எட்டவே எட்டாது.

எங்களுடன் வேலை செய்யும் சிங்கள நண்பன் அன்சிபிள்காரன். சேர்வர்களின் கோப்புகளைத் தானாக எழுதிவைக்கும் மென்பொருள் அது, ஜின்ஜா அதற்குள் கோப்பு அச்சு வார்க்கும் மொழி. “மச்சான், ஜின்ஜாவில் ஒரு லூப் போட்டால் 23 கோப்பையும் அதுவே எழுதித்தருமே” என்றான். தரும். ஆனால் அப்போதும் சேர்வரில் 23 கோப்பு கிடக்கும், இரவு இரண்டு மணிக்கு அவற்றில் ஒன்றை யாராவது நேரே திறந்து திருத்துவார்கள், 11-ஆம் இலக்கக்காரன் சொல்கிறேன், திருத்துவார்கள். பிறகு அன்சிபிள் ஓடும்போது அந்தத் திருத்தம் சத்தமில்லாமல் போகும். கடைசியில் இரண்டு பேரும் பாதிப்பாதி இறங்கி வந்தோம். என்வ் கோப்புகளை அவனுடைய லூப் எழுதும், யூனிட் கோப்பு ஒன்றுதான், அதைச் சிஸ்டம்டி நிரப்பிக்கொள்ளும். ஒரு ஆளைப் புதிதாகச் சேர்க்க இப்போது டிஸ்க்கில் இடம் பிரித்து மாட்டுவது, பட்டியலில் பெயர் சேர்ப்பது, எனேபிள் என்று ஒரு கட்டளை. அந்தக் கட்டளையும் பட்டியலிலிருந்தே ஓடுவதால், பதிய மறந்த மூன்று பேர் கதை திரும்ப வராது.

போன மாதம் ஸ்டூடியோ அண்ணை திரும்ப எடுத்தார். கடைக்குப் பெயர் மாற்றுகிறாராம், எண்சாத்திரம் பார்த்துப் புதுப் பெயர்ப்பலகை அடித்தாயிற்றாம், “உங்கடை கொம்பியூட்டரிலையும் பெயரை மாத்திவிடுங்கோ தம்பி” என்றார். நான் திரையைப் பார்த்தேன். யூனிட்டின் பெயர், என்வ் கோப்பின் பெயர், டிஸ்க் மாட்டியிருக்கும் அடைவு, எஃப்எஸ்டாப் வரி, அன்சிபிள் பட்டியல், லொக்கில் ஒரு வருஷத்துக் கதை, எல்லாம் அந்த ஒரு புள்ளிக்கோட்டில் எழுதிய பெயரிலேயே தொங்குகிறது.

“அண்ணை,” என்றேன், “வெளியிலை பெயர்ப்பலகையை மாத்துங்கோ. உள்ளுக்குப் பழைய பெயரே கிடக்கட்டும்.”

“ஏன் தம்பி, அது ராசியில்லாத பெயர் எல்லோ?”

“கறண்ட் போய் வந்தாலும் எழும்புது அண்ணை, அதைவிட என்ன ராசி வேணும்?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஓம் என்றார்.